திட்டமிட்ட படமா, தற்செயல் படமா?

மலேசியாவின் பத்துமலை முருகன் கோவிலில் திட்டம் போட்டுப் படம் எடுக்கலாம். 272 படிகளும் முருகன் சிலையும் எங்கும் நகராது. விடியலில் டிரைபாடை (கேமரா முக்காலி) நிறுத்தி வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் போதும். படம் சுத்தமாக வரும். ஆனால் அதே படம் ஆயிரம் பேரிடம் இருக்கும்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எதையும் தேடாமல் நடப்பது வேறு. கேமராவை முன்பே அமைத்துவிடுவேன்: 35 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/250 வினாடி, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் ஆட்டோ. அப்புறம் கண்ணுக்குத்தான் வேலை. ஒருநாள் திடீரென்று மழை கொட்டியது. கடை முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கினேன். பூக்கார அக்கா மல்லிகைச் சரத்தைச் சேலைத் தலைப்பால் மூடினார். பின்னால் ஈரத் தெருவில் விளக்குகள் கரைந்து ஓடின. இருட்டில் ஐஎஸ்ஓ ஏறிப் படத்தில் புள்ளி விழுந்தது, பரவாயில்லை. பத்தில் எட்டு வீண்தான். மீதி இரண்டுக்காகவே, பத்துமலைக்கும் இனி டிரைபாட் இல்லாமல் போகப்போகிறேன்.