வயிற்றுக்குள் பேட்டரியா, வாசலில் வெட்டா?

ஆண்களுக்கும் மசக்கை உண்டா என்று கேட்டால், எனக்கு மூன்று வருஷம் இருந்தது என்பேன். காலையில் பல் துலக்கும்போதே குமட்டும். அடுப்பில் கடுகு வெடித்தால் நான் கார் ஷெட்டுக்கு ஓடிவிடுவேன். முந்தின நாள் மதியம் தின்ற கேரட் மறுநாள் காலை அப்படியே வெளியே வரும். மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பை இருபது வருஷச் சர்க்கரை கெடுத்ததில் இரைப்பை சோம்பிவிட்டது. கேஸ்ட்ரோபரேசிஸ் என்கிறார்கள். துளி கதிரியக்கம் கலந்த முட்டையைத் தின்னக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்து அதில் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மிச்சம் இருக்கக்கூடாது. எனக்கு 38.

மாத்திரைக் கதையை நீட்டவில்லை. குமட்டலுக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று அமெரிக்காவில் 2009 முதல் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்துச் சீட்டில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, இருக்கிறது. முகமும் நாக்கும் தானாக அசையும் கோளாறு நிலைத்துவிடலாம். ஊரில் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் வாந்தி மருந்தான டோம்பெரிடோனை இங்கே டெக்சஸில் கடையில் விற்க அனுமதி இல்லை. குமட்டலுக்கென்று மணிக்கட்டில் கட்டும் மின்பட்டையும் வாங்கிப் பார்த்தேன். கார் பயணத்துக்குச் சரி, என் வயிற்றுக்குப் போதவில்லை.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, இரைப்பையின் வாசலான பைலோரஸ் தசையை வாய்வழி எண்டோஸ்கோப்பி கொண்டு உள்ளிருந்தே வெட்டித் தளர்த்துவது. ஜிபோயம் என்பார்கள். மனிதர்களில் முதலில் செய்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தது 2013-ல். வெளியே தழும்பு கிடையாது, உள்ளே கருவியும் கிடையாது. 2022-ல் வெளியான செக் நாட்டுச் சோதனை 41 பேரிடம் நடந்தது. 6 மாதத்தில் நிஜமாக வெட்டப்பட்ட நோயாளிகளில் 71 சதவீதம் பேருக்கும், வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளில் 22 சதவீதம் பேருக்கும் பலன். எண்களை மட்டும் பார்த்தால் நான் தேர்ந்ததைவிட இதுதான் பலமாகத் தெரிகிறது. அதை மறைக்கவில்லை.

நான் தேர்ந்தது மின்தூண்டல். இரைப்பைச் சுவரின் தசைக்குள் இரண்டு கம்பிகள், வயிற்றுத் தோலுக்கடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. அமெரிக்காவில் 2000-ல் அனுமதி வந்தது, அதுவும் குறைவான பேருக்கு வரும் நோய்க்கான மனிதாபிமான விலக்கின் கீழ். அதனால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். இன்ஷூரன்ஸோடு மல்லுக்கட்டுவது தனி.

பலரும் நினைப்பதுபோல் இது இரைப்பையைத் தள்ளி ஓட வைக்காது. இரைப்பையின் சொந்தத் தாளம் நிமிஷத்துக்கு 3 அலை. கருவி நிமிஷத்துக்குச் சுமார் 12 முறை மெல்லிய துடிப்புக் கொத்துகளை அனுப்புகிறது. அவை வேகஸ் வழியாக மூளைக்குப் போய்க் குமட்டலை அடக்குவதாகத்தான் இப்போதைய விளக்கம். 2020-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 172 பேருக்குப் பொருத்தி, அவர்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி இயக்கியும் அணைத்தும் பார்த்தார்கள். இயங்கியபோது வாந்தி குறைந்தது. இரைப்பை காலியாகும் வேகம் கூடவில்லை. வாழ்க்கைத் தரமும் அளவுகோலில் உயரவில்லை.

அப்புறம் ஏன் இது? என் தொல்லை வயிறு நிறைந்த உணர்வோ உப்புசமோ அல்ல, குமட்டலும் வாந்தியும்தான். இன்னொன்று, வெள்ளோட்டம் பார்க்க முடிந்தது. எங்கள் மருத்துவமனையில் முதலில் மூக்கு வழியாக ஒரு தற்காலிகக் கம்பியை இறக்கி ஐந்து நாள் வைத்தார்கள். நாலாம் நாள் மனைவி ரசம் தாளித்தபோது நான் சமையலறையிலேயே நின்றிருந்தேன். அவள்தான் முதலில் கவனித்தாள். மனப்பிரமையும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் கருவி ஒத்துவராவிட்டால் அணைக்கலாம், எடுத்துவிடலாம். வெட்டிய தசையை பழையபடி ஆக்க முடியாது. வாசல் தளர்ந்து சாப்பாடு மளமளவென்று குடலில் இறங்கினால் அது வேறு தலைவலி.

இப்போது பராமரிப்பு. வாங்குமுன் இதைத்தான் யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. முதல் வருஷம் நாலு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். நர்ஸ் ஒரு வட்டத் தகட்டைச் சட்டைக்கு மேலேயே வைத்து, கம்பியின் மின்தடையைத் திரையில் படித்து, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவார். எனக்கு ஒன்றும் உணர்வாகாது. பலன் தெரியவோ வாரங்கள் ஆகும். சீட் பெல்ட் சரியாகக் கருவியின் விளிம்பில் உரசும். பேட்டரி 5 முதல் 10 வருஷம் வரும். தீர்ந்தால் மறுபடி கத்தி. எனக்கு நாலு வருஷம்தான் ஆகிறது, அதனால் அந்த அனுபவம் இன்னும் இல்லை.

போன வருஷம் சர்க்கரைக்காரர்களுக்கு வரும் தோள்பட்டை இறுக்கம் வந்தது. எம்.ஆர்.ஐ. எழுதினார்கள், என் மாடல் எண்ணைப் பார்த்ததும் ஸ்கேன் மையத்தில் கையை விரித்துவிட்டார்கள். சரி, பிசியோதெரபி என்று போனால், ஆழச் சூடு கொடுக்கும் கருவிகளும் கூடாது. கம்பி சூடேறி இரைப்பையைச் சுட்டுவிடும். அடிக்கடி எம்.ஆர்.ஐ. தேவைப்படும் முதுகோ மூளைக் கோளாறோ உங்களுக்கு இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஜிபோயம் பக்கம் போகச் சொல்வேன். உப்புசம்தான் பெரிய தொல்லை என்றாலும் அப்படியே. இரண்டையும் செய்துகொண்டவர்களும் உண்டு. எனக்கு அந்த அனுபவம் கிடையாது.

எனக்கு வாந்தி வாரத்தில் பத்துப் பன்னிரண்டு முறையிலிருந்து ஒன்றிரண்டாகியிருக்கிறது. குமட்டல் போய்விடவில்லை, ஆனால் கடுகு வெடித்தால் ஓடுவதில்லை. தோள்பட்டைக்கு இன்னமும் வெந்நீர்ப் பைதான்.