செங்கோட்டை–புனலூர் பாதையில் ஏர் சஸ்பென்ஷன் பேருந்து: ஒருபக்கச் சாய்வும் அதன் வேரும்

புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று ஓடும் பேருந்துக்கு ஏர் சஸ்பென்ஷன் (இரும்புப் பட்டைக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) அருமையான துணை. ஆள் ஏறினாலும் இறங்கினாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் பட்டை ஸ்பிரிங் வண்டி கேட்காத கவனிப்பை இது கேட்கும். வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகளில் அடிக்கடி வரும் புகார், ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது.

சாய்ந்ததுமே பெல்லோவை, அதாவது அந்த ரப்பர் பையை, மாற்ற வேண்டாம். பெரும்பாலான பேருந்துகளில், பெல்லோவுக்குக் காற்றை விட்டும் எடுத்தும் உயரத்தைச் சமன் செய்யும் லெவலிங் வால்வு மூன்று: பின் அச்சில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, முன் அச்சுக்கு ஒன்றே. முன் பெல்லோ இரண்டும் ஒரே வால்வில் காற்று வாங்குவதால் அழுத்தம் இரண்டிலும் சமம். ஒன்று கசிந்தால் முன்பக்கம் முழுவதுமே தாழும். ஆகவே முன் இடது மூலை மட்டும் தாழ்ந்து தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பின் இடது பக்கத்தை. இதை அறியாமல் முன் பெல்லோ வாங்குவது வீண் செலவு.

சாலையோரச் சரிவில் அளக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டயர் காற்றைச் சமமாக்கி, டேங்க்கில் சுமார் 8 பார் காற்றழுத்தம் ஏறியபின், அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் டேப்பால் அளக்க வேண்டும். அடியில் போகுமுன் சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கட்டாயம். காற்று இறங்கினால் வண்டி ஆள்மேல் உட்கார்ந்துவிடும்.

பிறகு வால்வின் கையை (லீவரை) அச்சோடு இணைக்கும் லிங்க் ராடைக் கழற்றி, அந்தக் கையைச் சில விநாடி மேலே பிடித்தால் பெல்லோ நிரம்ப வேண்டும். கீழே அழுத்தினால் காற்று வெளியேற வேண்டும். நடுவில் வைத்தால் இரண்டும் நிற்க வேண்டும். மூன்றும் சரியென்றால் வால்வு நல்லது, குற்றம் ராடில். வளைந்த ராடு, தேய்ந்த ரப்பர் புஷ், தளர்ந்த லாக் நட்: கல் தெறிக்கும் இந்தப் பாதையில் முதலில் அடிபடுவது இந்தச் சின்ன ராடுதான். நேராக்கி, அளந்து, நட்டை இறுக்கினால் போதும். சரியான பக்கத்து ராடைக் குறைத்துச் சமன் செய்பவர்களும் உண்டு. அது தவறு, இரு பக்கமும் தாழ்ந்து பம்ப் ஸ்டாப் (அடி தாங்கும் ரப்பர் கட்டை) இடிக்கும்.

ஓடும்போது நேராக இருந்து, ராத்திரி நிறுத்தியபின் சாய்ந்தால் கசிவு. சோப்புத் தண்ணீரை பெல்லோ மடிப்பிலும், குழாய் இணைப்பிலும், சேஸிஸில் உரசும் நைலான் குழாயிலும் தடவிப் பாருங்கள். வால்வின் வெளியேற்றுத் துளையில் குமிழ் விடாமல் வந்தால் உள்ளே சீட் (காற்றை அடைக்கும் தளம்) போயிருக்கும். பெல்லோவுக்கும் அடிப் பிஸ்டனுக்கும் இடையே மணல் சிக்கி ரப்பரை அறுப்பதும் நடக்கும். வாட்டர் சர்வீஸில் அங்கே பீய்ச்சச் சொல்லுங்கள்.

இரு பக்க அளவும் சமமாக இருந்தும் பாடி சாய்ந்தால் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ், அச்சை இடத்தில் பிடிக்கும் ரேடியஸ் ராடின் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வால்வைக் கெடுக்கும் இன்னொன்று ஈரம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுவது நல்லது. சாரல் காலத்தில் தினமும் காலையில் டேங்க் வடிகாலைத் திறக்க வேண்டும். தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரசர் ரிங்கைப் பார்க்காமல் புது வால்வு போடாதீர்கள். அதையும் எண்ணெய் கெடுத்துவிடும்.