சிவப்புக் குறிப்பேட்டில் ஒரு கிறிஸ்துமஸ் காதல்

பதின்பருவத்தினருக்கான விடுமுறைக்காலக் காதல் நாவல்களின் முடிவை முதல் இருபது பக்கங்களிலேயே சொல்லிவிடலாம். பனி பொழியும், இருவர் முட்டிக்கொள்வார்கள், புத்தாண்டு பிறப்பதற்குள் கை கோத்துவிடுவார்கள். ரேச்சல் கோனும் டேவிட் லெவிதனும் சேர்ந்து எழுதி 2010இல் வெளிவந்த ‘டேஷ் அண்ட் லிலிஸ் புக் ஆஃப் டேர்ஸ்’ நாவலும் இந்த வழக்கத்துக்கு விலக்கன்று. ஆயினும் அதை நான் இரண்டு முறை விரும்பிப் படித்ததற்குக் காரணம், காதலர் இருவரையும் கதையின் பெரும்பகுதி வரை ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வைத்திருக்கும் அதன் பிடிவாதம்.

கதை டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் தொடங்குகிறது. மணமுறிவு பெற்ற பெற்றோரின் மகனான டேஷ், தாயிடம் தந்தையோடு இருப்பதாகவும் தந்தையிடம் தாயோடு இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் பண்டிகையைத் தனியாகக் கழிக்கிறான். கிறிஸ்துமஸ் என்றாலே முகம் சுளிப்பவன். கிறிஸ்துமஸை உயிராகக் கொண்டாடும் லிலியின் பெற்றோரோ, காலம் கடந்த தேனிலவுக்காக ஃபிஜித் தீவுகளுக்குப் போய்விட்டார்கள். தங்கையின் சோர்வைப் போக்க அண்ணன் லாங்ஸ்டன் ஒரு வழி சொல்கிறான். அதன்படி ஸ்ட்ராண்ட் புத்தகக் கடையின் அலமாரியில் வைக்கப்பட்ட சிவப்புக் குறிப்பேடு ஒன்று டேஷின் கையில் சிக்குகிறது. கடையிலுள்ள நூல்களைத் தேடிச் சொற்களைக் கூட்டி விடுவிக்க வேண்டிய ஒரு புதிர் அதில் இருக்கிறது. அவன் அதை விடுவித்துப் பதிலுக்குத் தன் சவாலை எழுதி வைக்க, குறிப்பேடு நகரெங்கும் கை மாறத் தொடங்குகிறது.

இந்தத் தொடக்கத்துக்கு ஸ்ட்ராண்டைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. 1927இல் தொடங்கப்பட்டு, ஒரு காலத்தில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக நின்ற நான்காவது அவென்யூவிலிருந்து பிழைத்துவந்த கடை அது. பதினெட்டு மைல் நீளத்துக்குப் புத்தகங்கள் வைத்திருப்பதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. முன்பின் அறியாத ஒருவரின் கையெழுத்தைப் பழைய நூலின் ஓரத்தில் கண்டு, இவர் யாராக இருப்பார் என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தவர்களுக்கு டேஷின் ஆர்வத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டேஷின் அத்தியாயங்களை லெவிதனும் லிலியின் அத்தியாயங்களை கோனும், முன்கூட்டித் திட்டமிடாமல் மின்னஞ்சலில் மாறி மாறி அனுப்பி எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் என்ன எழுதுவார் என்று அறியாமல் காத்திருக்கும் அந்தப் படபடப்பு பாத்திரங்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவன் சொல்லகராதியைக் காதலிப்பவன், மற்றவள் நாய்களை நடக்க அழைத்துச் செல்பவள். இரு குரல்களும் எங்கும் குழம்பவில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே கொண்ட நட்பைப் படித்து வளர்ந்த நமக்கு, முகம் தெரியாதவரிடம் மனம் திறப்பது புதிதாகத் தோன்றாது. ஆனால் இந்த நாவல் அடுத்த கேள்வியையும் கேட்கிறது: எழுத்தில் கண்டவர் நேரில் வேறொருவராக இருந்தால் என்ன செய்வது? முதல் சந்திப்பில் லிலி மது மயக்கத்தில் இருப்பதும், தான் மனத்தில் வரைந்திருந்த பெண் இவள்தானா என்று டேஷ் திகைப்பதும், இலேசான கதைக்குள் எதிர்பாராத நேர்மையோடு எழுதப்பட்ட பக்கங்கள்.

குறைகளும் உண்டு. பதினாறு வயதுச் சிறுவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பேராசிரியரைப் போலச் செதுக்கிப் பேசுவது சில இடங்களில் சலிப்பூட்டுகிறது. போகுமிடமெல்லாம் லிலிக்கு ஒரு மாமாவோ ஒன்றுவிட்ட அண்ணனோ வேலை பார்ப்பதால், அத்தனை பெரிய நகரம் நம் ஊர்த் தேர்முட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் இருவரும் காவலர்களிடம் மாட்டிக்கொள்ளும் பகுதி கதையை நகர்த்துவதற்காகவே திணிக்கப்பட்டதாகத் தெரிகிறது. மேலும், நகைச்சுவையில் பாதி ஆங்கிலச் சொல் விளையாட்டாக இருப்பதால், அம்மொழியில் இப்போதுதான் கதை படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கு இதை முதல் நூலாகப் பரிந்துரைக்கத் தயங்குவேன். பேச்சும் பெரியவர்களுக்குரிய சில பொருள்களைத் தொட்டுச் செல்வதால், பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் படிப்பதே நல்லது.

2020இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதிகளாக வந்த தொடர், நகரின் விளக்கொளியை அழகாகக் காட்டுகிறது. எனினும் கையெழுத்தைப் படித்து ஆளைக் கற்பனை செய்யும் இன்பம் திரையில் கிடைப்பதில்லை, ஏனெனில் ஆளின் முகம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. 2016லும் 2020லும் வந்த தொடர்ச்சி நாவல்களுக்கும் ஏறத்தாழ இதே சிக்கல்தான். அவற்றில் இருவரும் ஏற்கெனவே காதலர்கள் என்பதால், கதையை இழுத்துச் சென்ற குறிப்பேட்டுக்கு அங்கே பெரிய வேலையில்லை. முதல் நூலை மட்டும் வாங்கினால் போதும்.