புது காலிபர் என்று பில், பழைய காலிபருக்கு சில்வர் பெயிண்ட்: ஆரியங்காவு மலைப்பாதையில் போகிறவர்கள் கவனம்

செங்கோட்டை - புனலூர் சாலையில் கார் ஓட்டுகிறவர்கள், முக்கியமாக ஐயப்ப சீசனில் ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். மலைப்பாதையில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தால், குடும்பத்தோடு வந்தவர் என்ன செய்வார்? முதலில் கண்ணில் படுகிற ஒர்க் ஷாப்பில் வண்டியை விடுவார். அந்த அவசரத்தை வைத்துத்தான் என்னிடம் பதினாறாயிரத்துச் சொச்சம் கறந்தார்கள். பிரேக்கும் சரியாகவில்லை.

கோளாறு இதுதான். இடது முன்சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. மைலேஜ் குறைந்திருந்தது. கோட்டைவாசல் தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது வாடை தூக்கியது. நிறுத்திப் பார்த்தால் மற்ற சக்கரங்கள் லேசான சூட்டில் இருக்க, இது மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத அளவுக்குத் தகித்தது. (அந்த நேரத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு சக்கரத்தில் ஊற்றுகிறவர்களை இந்தச் சாலையில் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும், வெடிப்பு விடலாம். ஓரமாக நிறுத்தித் தானாக ஆற விடுங்கள்.)

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் சாலையோரம் இருந்த ஒர்க் ஷாப்பில் நன்றாகத் தமிழ் பேசினார்கள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "அண்ணாச்சி, காலிபர் போச்சு. பேட், டிஸ்க் எல்லாம் போச்சு. மாத்தாம மலை இறங்கினா ரிஸ்க்" என்றார். (சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டை, பேட் என்கிற உரசு கட்டைகளால் அழுத்திப் பிடிப்பதுதான் காலிபர்.) சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார்கள். பழைய சாமான்களைக் கேட்டேன். "ஆக்கர்காரன் (பழைய இரும்பு வாங்குகிறவன்) வந்து எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்கள். பில் என்று கையில் தந்தது வெறும் எஸ்டிமேட் தாள். அதில் ‘காலிபர் புதுசு’ என்று எழுதியிருந்தது. கம்பெனி பெயரோ பார்ட் நம்பரோ கிடையாது.

வீடு வந்து சேர்வதற்குள் அதே வாடை. போன் போட்டால், "புது பேட் செட் ஆகணும் அண்ணாச்சி, ஓட ஓட சரியாயிடும்" என்றார். புது பேட் படிய கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகச் சக்கரம் கொதிக்காது. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து நானே சக்கரத்தைக் கழற்றினேன். காலிபர் பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னியது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஓரத்தில் சுரண்டினால் பெயிண்ட் செதிலாக உரிந்து, அடியில் செம்புறையாகத் துரு. பிளீடர் நிப்பிளின் (காலிபரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியே விடுகிற சின்னத் திருகு) ரப்பர் மூடி வெயிலில் காய்ந்து வெடித்த பழைய மூடியேதான். அதன் மேலும் பெயிண்ட் தெறித்திருந்தது. காலிபர் நகர்கிற இரண்டு பின்னையும் உருவிப் பார்த்தேன், பொட்டு கிரீஸ் இல்லை. டிஸ்க்கும் பேடும் புதுசுதான், ஆனால் அதற்குள் டிஸ்க்கில் நீலம் பாய்ந்துவிட்டது. அளவுக்கு மீறிச் சூடானதற்கு அதுதான் அடையாளம்.

அவர்கள் செய்திருக்க வேண்டிய சோதனை ஐந்து நிமிட வேலை. சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெடலை நாலு தடவை மிதித்து விட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் சகஜம். சுற்றவே முடியவில்லை என்றால் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டுவிட்டால், உள்ளே பிரஷர் அடைபட்டு நிற்கிறது என்று அர்த்தம். அப்படியானால் கோளாறு மேலே, காலிபருக்கு ஆயில் வருகிற ரப்பர் ஹோஸிலோ, பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கமோ. தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்தால்தான் காலிபர் பிஸ்டனையோ பின்னையோ சந்தேகப்பட வேண்டும்.

நிப்பிளை நான் தளர்த்தியதும், சக்கரத்தைப் பிடித்திருந்த மைத்துனன், "அத்தான், சும்மா சுத்துது!" என்று கத்தினான். அடுத்து, பெடலை மறுபடி மிதிக்கச் சொல்லி, இந்த முறை ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேருகிற இடத்தைத் தளர்த்தினேன். சக்கரம் அசையவில்லை. இடையில் இருப்பது ரப்பர் ஹோஸ் மட்டும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் கிழிந்து மடிந்தால், மிதிக்கிற பிரஷருக்கு ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வர வழி கிடைக்காது. சில நூறு ரூபாய் சாமான். அதை அவர்கள் தொடவே இல்லை.

தென்காசியில் ஸ்பேர்ஸ் கடையில் ஹோஸ் வாங்கி, வயசு ஒன்றுதான் என்பதால் வலது பக்கமும் மாற்றினேன். காலிபரின் இரண்டு பின்னுக்கும், பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ் போட்டேன். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி, அந்தப் பின்கள் மறுபடி பிடித்துக்கொள்ளும். புது ஆயில் ஊற்றி, குழாயில் புகுந்த ஏரை எடுத்ததோடு சரியாகிவிட்டது. கழற்றும்போது காலிபரை ஹோஸிலேயே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஏர் எடுத்துப் பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்கிற ரகத்துப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. புளியரை எஸ் வளைவில் எதிரே லோடு லாரி வரும்போது அது நடந்திருந்தால்? சரியாகிவிட்டது என்று சொல்லி இந்த வண்டியை மலையில் இறக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லைக்கு இரு பக்கமும் நாணயமான மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பழைய சாமானைக் காட்ட மறுப்பதில்லை. காலிபர் போச்சு என்று யாராவது சொன்னால், ‘நிப்பிளைத் தளர்த்திப் பார்த்தீர்களா’ என்று கேளுங்கள். கழற்றியதைக் கையில் வாங்குங்கள், போட்டதன் அட்டைப்பெட்டியையும் கேளுங்கள்.

கடை கேரளாவில் இருக்கிறதே, அங்கே போய் எப்படி வழக்காடுவது என்று விட்டுவிட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சுரண்டிய காலிபரின் படம், எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீது மூன்றையும் வைத்து நான் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சாலையில் சமீபத்தில் ‘புது காலிபர்’ போட்டவர்கள் இருந்தால், சக்கரத்தைக் கழற்றி ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். துரு தெரிந்தால் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.