டாங்கி மாடலுக்குப் பெயின்ட் அடிக்க முன்பணம் அனுப்பாதீர்கள்: அரை மாதச் சம்பளம் போய்விட்டது

பார்சலைப் பிரித்து மூன்று நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதியை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

நான்கு மாதம் இரவுகளில் உட்கார்ந்து ஒட்டிய 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் அது, ஜெர்மானியர்களின் டைகர் டாங்கி. 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் போர்க்களத்தில் நின்ற வண்டியாக அது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு ஒட்ட வரும், பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வராது. அதனால் கைவினைஞர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் ஓர் இணையச் சந்தையில் ஒருவரைப் பிடித்தேன். முழுத் தொகையும் முன்கூட்டியே கேட்டார். என் அரை மாதச் சம்பளம்.

அவர் பேசிய விதத்தில்தான் விழுந்தேன். நான் கேட்காமலேயே வரிசையாகச் சொன்னார்: "முதலில் பிரைமர் சார், பிறகு அடர்மஞ்சள், அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் டெக்கால், வாஷ் எல்லாம். புழுதி கடைசியில்." டெக்கால் என்றால் எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம். வாஷ் என்றால் இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட். ஜெர்மானியர்கள் சாம்பல் நிறத்தை விட்டு அடர்மஞ்சளுக்கு மாறியது 1943 பிப்ரவரியில் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அந்த நிமிடமே பணம் அனுப்பினேன்.

வந்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பளபளப்பு வார்னிஷ் அடிக்கவே இல்லை. சொரசொரப்பான பெயின்ட் மேல் டெக்காலை ஒட்டியதால் அடியில் காற்று தங்கி, டரட்டில் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூடு) உள்ள எண்களைச் சுற்றி வெள்ளை மினுமினுக்கிறது. இடுக்குகளில் நூலிழையாக ஓட வேண்டிய கருப்பு வாஷை வண்டி முழுக்கக் கொட்டியிருக்கிறார். பெயின்ட் உதிர்ந்த தழும்பு என்று 2 மி.மீ. அகலத்துக்குத் திட்டுத் திட்டாக அப்பியிருக்கிறார். உண்மையான டாங்கியில் அது 7 செ.மீ.! சக்கர விளிம்பெல்லாம் துரு வேறு. குர்ஸ்க்கில் நின்ற டைகரின் சக்கர விளிம்பு ரப்பர். ரப்பர் எங்கேயாவது துருப்பிடிக்குமா?

இதையெல்லாம் உரித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். அடிப்பகுதிதான் போயே போய்விட்டது. வாஷில் கலந்த தின்னர் மூட்டுகளில் தேங்கி ஊறி, பிளாஸ்டிக்கை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. பெட்டியிலிருந்து தூக்கும்போதே, சக்கரங்களைத் தாங்கும் கைகளில் மூன்று காய்ந்த சுள்ளி போல் முறிந்தன. தின்னர் வாடை இன்னும் போகவில்லை.

கேட்டதற்கு, "கூரியரில் உடைந்திருக்கும் சார்" என்றார். துருவைப் பற்றிக் கேட்டால், "போருக்குப் போன வண்டி அப்படித்தான் இருக்கும்." மூன்றாவது முறை அழைத்தபோது என் எண்ணைத் தடுத்துவிட்டார். "இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளவும்" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிய சந்தை நிர்வாகம், இன்று காலை புகாரையே மூடிவிட்டது. அரை மாதச் சம்பளம்! அவர் காட்டிய மாதிரிப் படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் வேறொருவர் செய்த மாடல்கள். ஓரத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் மாடலையே, தேதி எழுதிய தாளோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் முன் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.

முறிந்த மூன்று துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை புதிய புகார் கொடுக்கிறேன். அரை மாதச் சம்பளத்தை இப்படியே விடப்போவதில்லை.