கத்தி விழும், கைக்கு வராது: கேஸ் ஓப்பனிங் தளங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

வீட்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டம் ஆடும் பிள்ளைகள் இருந்தால் இதை முழுதாகப் படியுங்கள். சேலத்தில் என் சித்தி மகனிடமிருந்து ஒரு கேஸ் ஓப்பனிங் தளம் (பணம் கட்டி இணையத்தில் அதிர்ஷ்டப் பெட்டி திறக்கும் தளம்) 18,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டது. கல்லூரி விட்டு வந்தபின் அம்மாப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சலங்கை கோத்து, லேப்டாப் வாங்கச் சேர்த்த பணம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கின் என்பது ஆட்டத்தில் வரும் துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடும் வண்ணச் சட்டை, அவ்வளவுதான். அதனால் ஆட்டத்தில் கூடுதல் பலம் எதுவும் கிடைக்காது. ஆனால் வாங்கலாம், விற்கலாம் என்பதால் அதற்கு விலை உண்டு; சில கத்திகள் லட்சம் ரூபாயைத் தாண்டும். 2013-இல் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் இதற்குப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. காசு கொடுத்துச் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சீனாவில் 2017-இல் வெளியான அதிகாரப்பூர்வக் கணக்குப்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 80 முறை மலிவான நீல ரகம்தான் வரும். கத்தி, கையுறை போன்ற அரிய பொருள் விழ 0.26 சதவீத வாய்ப்பு, அதாவது 400 பெட்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சிக்கியது இதிலும் இல்லை. வெளியாட்கள் நடத்தும் தளத்தில். அவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே தயாரிக்கிறார்கள். என்ன பொருள், என்ன விலை, எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அவர்கள் வைத்ததுதான். தமிழில் பேசும் ஒரு யூடியூப் காணொளியில் கத்தி விழுந்ததைப் பார்த்துவிட்டு, அதில் கொடுத்த குறியீட்டை (code) போட்டு உள்ளே போனான். முதல் பணத்துக்கு இரட்டிப்பு போனஸ். யுபிஐயில் கட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் புதிது புதிதாக யாரோ தனி ஆளின் பெயரில் க்யூஆர் வந்திருக்கிறது. ஒரு நிறுவனம் ஏன் முருகன், செல்வி என்று ஆள் பெயரில் பணம் வாங்க வேண்டும்? இந்த ஒரு அடையாளமே போதும், எழுந்து வந்துவிடலாம்.

ஒரு நாள் இரவு போன் செய்தான். "அண்ணா, கத்தி விழுந்துருச்சுண்ணா! நாப்பதாயிரம்!" குரலில் அத்தனை சந்தோஷம். அதை எடுக்கப் போனபோதுதான் தொடங்கியது. முதலில் 'இந்தப் பொருள் இருப்பில் இல்லை, வேறு தேர்ந்தெடுங்கள்' என்றார்கள். வேறு தேர்ந்தெடுத்தால், போனஸ் தொகையைப் போலப் பல மடங்குக்கு ஆடி முடித்தால்தான் எடுக்கலாம் என்றார்கள். அதற்காகக் கூடுதல் பணம் போட்டான். பிறகு ஆதார் படம் கேட்டார்கள், அனுப்பினான். கடைசியாக, கணக்கைச் சரிபார்க்க இன்னொரு தொகை கட்டச் சொன்னார்கள். அப்போதுதான் என்னிடம் வந்தான். அதன்பின் உதவி அரட்டையில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. இரண்டாம் நாள் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

பெட்டி திறக்கும்போது திரையில் பொருள்கள் ஓடச் சுற்றும் சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்தியை மயிரிழையில் தாண்டி நிற்கும்போது 'அடுத்த தடவை விழும்' என்று மனம் துடிக்கும். நீங்கள் பொத்தானை அழுத்திய நொடியிலேயே முடிவு சர்வரில் எடுக்கப்பட்டுவிடுகிறது. ஓடுவது வெறும் படம். பக்கத்தில் வந்து நின்ற அந்தக் கத்தி நிரப்புவதற்காக வைத்தது.

மோசடியே செய்யாமல் நேர்மையாக நடத்தினால்கூடக் கணக்கு இப்படித்தான். 200 ரூபாய்ப் பெட்டி ஒன்று. அதில் ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கு 40,000 ரூபாய்க் கத்தி, மற்றவை சராசரியாக 120 ரூபாய்ப் பொருள் என்று வையுங்கள். சராசரியில் உங்களுக்குத் திரும்புவது 160 ரூபாய். 40 ரூபாய் தளத்துக்கு. வந்த பொருளை அங்கேயே விற்று மறுபடி திறக்கச் சொல்வார்கள். 160, 128, 102 என்று மூன்றே சுற்றில் பாதி போய்விடும். பெரும்பாலோருக்குக் கத்தியும் விழாது என்பதால் கரைவது இன்னும் வேகம்.

'எங்கள் முடிவுகளை நீங்களே சரிபார்க்கலாம்' என்று பச்சை டிக் போட்டிருப்பார்கள். சுற்றுக்கு முன்பே ஒரு ரகசிய எண்ணின் ஹேஷை (அந்த எண்ணிலிருந்து கணக்கிட்ட, முத்திரை போன்ற குறியீட்டை) காட்டிவிட்டு, பிறகு எண்ணை வெளியிடுவார்கள். நடுவில் எண்ணை மாற்றவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சான்று. விழுந்த பொருளை அவர்கள் கொடுப்பார்களா என்பதற்கு அதில் ஒரு பதிலும் இல்லை.

காணொளிகளை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பழைய காரணம் உண்டு. 2016-இல் ட்ரெவர் மார்ட்டின், தாமஸ் கேஸல் என்ற இரு யூடியூபர்கள் ஒரு ஸ்கின் சூதாட்டத் தளத்தில் ஜெயிப்பதுபோல் காணொளிகள் போட்டார்கள். அந்தத் தளமே அவர்களுடையது என்பது பின்னர் தெரிய வந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2017-இல் அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 2016-இலேயே வால்வும் இத்தகைய 23 தளங்களுக்கு நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. இருந்தும் புதுப்புதுப் பெயரில் முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

தம்பிக்கு நல்லவேளை, ஸ்கின்கள் இருக்கும் ஸ்டீம் கணக்காவது (ஸ்டீம் என்பது வால்வின் ஆட்டத் தளம்) தப்பியது. அந்தத் தளம் ஸ்டீம் ஏபிஐ கீயையும், அதாவது வெளி மென்பொருள் உங்கள் கணக்கைக் கையாள உதவும் ரகசியச் சாவியையும், கேட்டிருக்கிறது. அது வெளியாளிடம் போனால், நீங்கள் நண்பனுக்கு ஸ்கின் கொடுக்க அனுப்பும் டிரேடை (பரிமாற்றக் கோரிக்கையை) ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் படமும் கொண்ட போலிக் கணக்கிலிருந்து இன்னொரு டிரேடை நீட்டுவார்கள். போனில் ஒப்புதல் கொடுத்தால் ஸ்கின் போய்விடும். இப்படி எங்காவது கொடுத்திருந்தால் இப்போதே ஸ்டீம் தளத்தில் போய் அந்தக் கீயை ரத்து செய்யுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் போன கணக்கு விவரம், யுடிஆர் எண் (பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்), அரட்டையின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியிருக்கிறது. நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பணம் வரவில்லை.

பெற்றோர் பிள்ளையின் யுபிஐ பட்டியலில் முன்பின் தெரியாத ஆள் பெயர்களுக்கு 200, 500 என்று அடிக்கடி பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் திட்டாமல் கேளுங்கள். சித்தி திட்டுவாரோ என்ற பயத்தில்தான் எங்கள் தம்பி பாதிப் பணத்தைக் கட்டினான்.