தெறிக்காத காலித் தோட்டா: புதுச்சேரித் துப்பாக்கிப் பட்டறை ஒன்றின் வேலை

சுட்ட பிறகு ரைபிளின் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடித் திறக்கும் இரும்புத் தண்டை, பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா வலப்புறமாகத் தெறித்து விழ வேண்டும். என் ரைபிளில் அது தெறிக்கவில்லை. தோட்டா அமர்ந்து வெடிக்கும் குழலறையான சேம்பரை விட்டு வெளியே வந்து, கீழே காத்திருந்த அடுத்த தோட்டாவின் முதுகிலேயே படுத்துக்கொண்டது. அதைக் கவனிக்காமல் போல்ட்டை முன்னுக்குத் தள்ளினால் காலியும் புதியதும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. இது போதாதென்று, சில வேளைகளில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டியிலிருந்து தோட்டா மேலெழாமல், போல்ட் அதன் மேலாகவே வழுக்கிச் சென்று வெறும் சேம்பரை மூடிவிடும். கடலூரில் இதைப் பார்க்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்பாவோடு ராணுவத்தில் இருந்த பெரியவர் ஒருவர் வழிகாட்ட, புதுச்சேரியில் உரிமம் பெற்று நடந்துவரும் சிறிய பட்டறை ஒன்றுக்கு ரைபிளை எடுத்துச் சென்றேன். பெயர் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரையும் தெருவையும் தவிர்த்து, அங்கே நடந்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ரைபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 அங்குல வகை, அப்பா ஓய்வு பெற்ற பின் வாங்கியது, அவருக்குப் பின் என் பெயரில் உரிமம் வாங்கினேன். ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தடையின் தொடர்ச்சியாகத்தான், ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைபிளின் அதே போல்ட்டும் அதே உடலும் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றப்பட்டு இந்த வகை இங்கே நிலைத்தது. ஆகவே 1907இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ரைபிளின் நற்குணங்களோடு அதன் நோய்களும் இதற்கு உண்டு. .303 போலவே இந்தத் தோட்டாவுக்கும் அடியில் புடைத்த விளிம்பு இருக்கிறது. மேகசினில் வரும் தொல்லைகளில் பாதி அந்த விளிம்பால் வருபவை.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ரைபிளை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே, “சுட்ட காலி கொண்டாந்திருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார். நல்ல வேளையாக நான்கு காலித் தோட்டாக்களைக் கொண்டுபோயிருந்தேன். அவற்றைக் கண்ணாடி வில்லையில் வைத்து அவர் பார்த்த நேரம், பிறகு ரைபிளைப் பார்த்த நேரத்தைவிட அதிகம். நீளவாக்கில் கீறல் இருந்தால் சேம்பரில் துருக்குழியோ அழுக்கோ இருக்கும் என்றும், அடிவிளிம்புக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தால் பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது என்றும், அப்படிப்பட்ட ரைபிளை அதற்குமேல் சுடவே கூடாது என்றும் விளக்கினார். வளையம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உட்புறத்தில் பள்ளம் விழத் தொடங்கிவிடுமாம். அதைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த கருவி, நுனியை வளைத்த ஒரு மெல்லிய கம்பி. காலித் தோட்டாவுக்குள் விட்டு, அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி மெல்ல இழுத்தார். எங்கும் தட்டவில்லை. “தோட்டாவோட அடியைத் தாங்குற போல்ட் தலை நல்லாயிருக்கு, பயப்பட வேணாம்” என்ற பிறகுதான் ரைபிளை மேசைமேல் வைக்கச் சொன்னார். பழைய ரைபிளுக்கு வேறொரு ரைபிளின் போல்ட்டை மாட்டிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு என்பதால், போல்ட்டிலும் உடலிலும் இருக்கும் எண்கள் பொருந்துகின்றனவா என்பதையும் அதே மூச்சில் பார்த்துக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்தபோது, நான் இதுநாள்வரை எவ்வளவு தவறாக யோசித்திருக்கிறேன் என்பது புரிந்தது. காலித் தோட்டா வெளியேறவில்லை என்றால் அதைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டர்தான் கெட்டுவிட்டது என்று நான் முடிவுகட்டி, உடலின் இடப்புறச் சுவரில் இருக்கும் அந்தச் சிறிய திருகாணியை மாற்றித் தரும்படி கேட்கவே போயிருந்தேன். இந்த வகை ரைபிளில் தோட்டாவைத் தள்ளிவிடும் பெரும்பங்கு அந்தத் திருகாணிக்கு இல்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போல்ட் தலையின் வலப்புறத்தில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பற்றி இழுத்துக்கொண்டு வருகிறது. வாய்ப்பகுதி சேம்பரை விட்டு விலகியதும் தோட்டாவின் இடப்பக்கம் உடலின் சுவரில் உரசித் திருப்பப்படுகிறது. கொக்கியின் பிடி உறுதியாக இருந்தால் அந்தத் திருப்பத்தில் தோட்டா வலப்புறமாகச் சுழன்று வெளியே பறக்கிறது. கொக்கியை அழுத்திப் பிடிக்கும் சின்னஞ்சிறு தகட்டு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், சுவரில் உரசுவதற்கு முன்பே தோட்டா நழுவி மேகசின்மேல் விழுந்துவிடும். திருகாணி கடைசி நேரத்தில் தட்டிவிடும் துணை மட்டுமே.

இதை வாயால் மட்டும் சொல்லி அவர் விட்டுவிடவில்லை. போல்ட்டைக் கழற்றி எடுத்து, காலித் தோட்டா ஒன்றின் விளிம்பைக் கொக்கியில் மாட்டி, தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டினார். இரண்டாவது ஆட்டத்திலேயே அது மேசைமேல் விழுந்தது. பிறகு தன்னிடமிருந்த ஒரு பழைய போல்ட் தலையில் அதே தோட்டாவை மாட்டி ஆட்டிக் காட்டினார், அது விழவில்லை. அந்த ஒரு நிமிடச் சோதனையே, இந்தப் பட்டறைக்கு வந்த பெட்ரோல் செலவுக்கு ஈடு என்று நினைத்துக்கொண்டேன். கொக்கியின் அடியில் கறுத்து இறுகியிருந்த பழைய கிரீஸை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு மறுபடியும் சோதித்தார். சற்றே தேறியது, ஆனாலும் தோட்டா விழுவது நின்றபாடில்லை. ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானது.

மேகசின் விஷயத்தில் குற்றம் எங்கள் வீட்டாருடையது. லீ-என்ஃபீல்டின் மேகசின் கழற்றக்கூடியதே என்றாலும், கழற்றிக் கழற்றி மாட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. ரைபிளில் இருந்தபடியே மேலிருந்து தோட்டாக்களை அழுத்தி நிரப்புவதே முறை. அப்பா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிரப்புவார். ஒரு முறையாவது அது சிமெண்ட் தரையில் விழுந்திருக்க வேண்டும், ஏனெனில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகளில் ஒன்று பின்பக்கத்தில் உள்நோக்கி மடங்கியிருந்தது. பின்பக்க உதடு இறுகினால் தோட்டாவின் அடி போதிய உயரத்துக்கு எழாது, போல்ட் அதன்மேல் வழுக்கிப் போய்விடும். முன்பக்கம் விரிந்தால் தோட்டாவின் மூக்கு மேலே துள்ளிச் சேம்பரின் மேல்விளிம்பில் இடிக்கும். முன்பக்கம் இறுகினால் மூக்கு கீழே குத்தும். தோட்டா எங்கே இடிக்கிறது என்பதை வைத்தே எந்த உதட்டில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்பதால், வெடிமருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை நிரப்பி, போல்ட்டை மிக மெதுவாக நகர்த்தி, ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தை எனக்கே காட்டினார்.

உதட்டில் கைவைப்பதற்கு முன் இன்னொரு சந்தேகத்தையும் அவர் தீர்த்துக்கொண்டார். மேகசினை அடியிலிருந்து கையால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே போல்ட்டை இயக்கச் சொன்னார். அப்படி அழுத்தும்போது மட்டும் தோட்டா ஒழுங்காக ஏறுமானால், மேகசினைப் பிடித்திருக்கும் கொண்டி தேய்ந்து அது கீழே தொங்குகிறது என்று பொருள்; உதட்டை வளைத்துப் பயனில்லை. எங்களுடையதில் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே கோளாறுதான். அதன் பிறகே சிறிய இடுக்கியை எடுத்து, வளைத்ததே தெரியாத அளவுக்கு வளைத்து, டம்மியால் சோதித்து, மறுபடியும் ஒரு நூலளவு வளைத்தார். முழு வேலையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார். அரத்தைத் தொடவே இல்லை. முன்பு வேறோர் ஊரில் ஒருவர், ரைபிளைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் சேம்பரின் வாயை அரத்தால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. தேய்த்த இரும்பு திரும்பி வராது.

சேம்பரில் இலேசான துருக்கறை இருந்தது, குழியாகவில்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு, துணி உறைக்குள்ளேயே ரைபிளை மாதக்கணக்கில் மூடி வைத்தால் கருவாடு போல உப்பேறத்தான் செய்யும் என்று திட்டினார். உறை ஈரத்தைக் குடித்து உள்ளேயே வைத்திருக்கும் என்பதால், வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் உறையில்லாமல் வைக்கச் சொன்னார். சுடுவதற்கு முன் சேம்பரில் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்துவிட வேண்டும் என்பதையும் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். எண்ணெய் இருந்தால் தோட்டா சேம்பர்ச் சுவரைப் பற்றாமல் வழுக்கி, வெடிப்பின் முழு அழுத்தமும் போல்ட்டின் மேல் விழும்.

இனி நடைமுறை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தை அவர் சுவரில் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டியிருக்கிறார். என் உரிமப் புத்தகத்தையும் ரைபிளின் எண்ணையும் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்த பின்புதான் ரைபிளை வைத்துக்கொண்டார். கடலூரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்துவிட்டால் மாநில எல்லை கடந்துவிடுகிறோம். என் உரிமம் இந்தியா முழுமைக்கும் செல்லும் என்பதால் எனக்குச் சிக்கலில்லை; தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமம் வைத்திருப்பவர்கள் முறையான அனுமதி பெறாமல் ரைபிளோடு பேருந்து ஏறிவிடக் கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் கொண்டு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் முடியும் என்றது பத்தொன்பது நாளாயிற்று. ஸ்பிரிங் வந்துசேரவில்லை என்பதை நானாகத் தொலைபேசியில் கேட்டபோதுதான் சொன்னார். கட்டணம் 2,600 ரூபாய். செய்த வேலைக்கு அது மிகையன்று, ஆனால் ஸ்பிரிங்குக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னால் ஒற்றை வரியில்தான் எழுதுகிறார். காத்திருப்பவர்கள் உட்கார ஒரு முக்காலிதான் இருக்கிறது. அதிலும் ஒரு கால் ஆடுகிறது. அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கிற கடைகளில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ரைபிளைத் திரும்பப் பெற்ற பிறகு, உரிமம் பெற்ற சுடுதளம் ஒன்றில் இருபது தோட்டாக்கள் சுட்டேன். இருபது காலித் தோட்டாக்களும் வலப்புறமாக, ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழுந்தன. ஏற்றுவதில் மட்டும் ஒரே ஒரு முறை சிக்கியது. மேகசினைத் திறந்து பார்த்தால், நான்காவது தோட்டாவின் விளிம்பு மூன்றாவதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே வைக்கும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவசரத்தில் தப்பாக நிரப்பியவன் நான்தான்.